இல்லாதவனுக்கு அபராதம்!

இருப்பவனிடம் வரி வாங்குவதை உலகம் அறியும். குற்றம் செய்தவனிடம் அபராதம் வாங்குவதையும் உலகம் அறியும். ஆனால், களவாடியதற்காக அல்ல, கலகம் செய்ததற்காக அல்ல, கையிலே காசு இல்லாமல் போனதற்காக ஒரு மனிதனிடம் அபராதம் வசூலிக்கும் விந்தையை எங்கே காண்பது? காட்டிலே அல்ல, கந்துவட்டிக் கடையிலே அல்ல, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் கொண்ட பாங்கியிலே காணலாம்!

'குறைந்தபட்ச இருப்பு' என்று அதற்குப் பெயர். சேமிப்புக் கணக்கில் இவ்வளவு பணம் எப்போதும் இருந்தாக வேண்டும், குறைந்தால் அபராதம். பணம் குறைந்தது எதனால்? பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியதால் இருக்கலாம். பெற்றவளுக்கு வைத்தியம் பார்த்ததால் இருக்கலாம். மழை பொய்த்து வேலை இல்லாமற் போனதால் இருக்கலாம். காரணத்தைப் பாங்கி கேட்பதில்லை. கணக்கைப் பார்க்கிறது, கத்தரிக்கிறது!

இந்தக் கத்தரிக்கோலைப் பற்றி நமது தோழர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பாகத் தர்மபுரி மாவட்டத்துத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் இருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகும் ஆயிரமாயிரம் உழைப்பாளிகள், போன இடத்தில் ஒரு கணக்கு, ஊரிலே ஒரு கணக்கு என்று வைத்திருப்பவர்கள். எந்தக் கணக்கில் எவ்வளவு போயிற்று என்று பல பேருக்குத் தெரிவதே இல்லை. தெரியாமல் போவதுதான் இந்தக் கொள்ளையின் பலம்.

தொப்பூரில் தொடங்கிய கதை

2023 ஜூலை 24ஆம் நாள், தர்மபுரி மாவட்டம் தொப்பூரில்தான் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியது. 1 கோடியே 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் ரூ. 1,000, அவரவர் பாங்கிக் கணக்கிலேயே நேராக வரவு. இடைத்தரகன் இல்லை, கைநீட்டி நிற்க வேண்டியதில்லை.

பணம் வந்தது. வந்த வேகத்தில் ஒரு கூட்டத்தாருக்கு அது காணாமலும் போயிற்று! எங்கே போயிற்று என்று கேட்டால், 'உன் கணக்கில் பல மாதமாகக் குறைந்தபட்ச இருப்பு இல்லை. அந்தப் பாக்கிக்கு எடுத்துக்கொண்டோம்' என்று பதில். சர்க்கார் கொடுத்தது தாய்க்கு, எடுத்துக்கொண்டது பாங்கி! புகார்கள் குவிந்தன. அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார்: உரிமைத் தொகையைப் பாங்கிகள் தங்கள் கட்டணங்களுக்கு நேர் செய்யக் கூடாது, செய்தால் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், பாங்கிகள் கேட்காவிட்டால் பயனாளிகளின் கணக்கை வேறு பாங்கிக்கு மாற்றுவோம் என்று.

ஒரு மாநில சர்க்காரே குரல் கொடுத்துத்தான் ஆயிரம் ரூபாயைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றால், சர்க்கார் உதவி அல்லாத சொந்தக் கூலிப் பணத்தை யார் காப்பாற்றுவது? கட்டிட வேலைக் கூலி, செங்கற் சூளைக் கூலி, தக்காளி விற்ற காசு, பட்டுக்கூடு விற்ற காசு, இவற்றுக்காக அறிக்கை விட யார் இருக்கிறார்கள்?

சராசரி என்னும் சூழ்ச்சி

'மாதச் சராசரி இருப்பு' என்கிறார்கள். இந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாங்கி குறிக்கிறது. 30 நாள் தொகையையும் கூட்டி 30ஆல் வகுக்கிறது. அதுதான் சராசரி. ஒரு தாயின் கணக்கில் 15ஆம் தேதி ரூ. 1,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 17ஆம் தேதி காலையில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் எடுத்து விடுகிறாள். இரண்டு நாள் ஆயிரம், மீதி 28 நாள் சுழி. கூட்டினால் இரண்டாயிரம், முப்பதால் வகுத்தால் ரூ. 66.67. கிராமக் கிளையில் ரூ. 1,000 சராசரி வேண்டும் என்று சட்டம் இருந்தால், ஆயிரம் ரூபாய் வந்த கணக்காக இருந்தும் அவள் குற்றவாளி!

பணக்காரனுக்கோ இதே சட்டம் விளையாட்டு. ஒரே ஒரு நாள் ரூ. 30,000 போட்டு மறுநாள் எடுத்துவிட்டால் போதும். அந்த மாதச் சராசரி ஆயிரம் ஆகிவிடுகிறது. மற்ற 29 நாளும் கணக்கு காலியாகக் கிடந்தாலும் அவன் 'நல்ல வாடிக்கையாளன்'. ஏழை, மாதம் முழுவதும் ஐந்நூறு ரூபாயை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காத்து வைத்தாலும் அவன் 'தவறியவன்'. ஒரே சட்டம்தான், ஒருவனுக்கு வாசற்படி, மற்றவனுக்கு மதிற்சுவர்.

இதிலே இன்னொரு வேடிக்கை. 2014 நவம்பர் 20ஆம் நாள் ரிசர்வ் பாங்க் ஒரு சுற்றறிக்கை விட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அமல். அபராதம் என்பது, இருக்க வேண்டிய தொகைக்கும் இருக்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தில் இத்தனை சதவிகிதம் என்று இருக்க வேண்டும் என்றது. கண்டபடி வாங்குவதைத் தடுக்கத்தான் இந்த விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் விளைவு என்ன? எவனிடம் மிகக் குறைவாக இருக்கிறதோ அவனுக்குத்தான் மிக அதிக அபராதம்! வருமான வரியில், இருப்பு ஏற ஏற விகிதம் ஏறுகிறது. இங்கே இல்லாமை ஏற ஏற அபராதம் ஏறுகிறது. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று பாட்டி சொன்னதைப் பாங்கி சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

அபராதத்திற்கு மேலே 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வேறு! அபராதம் பாங்கிக்கு, அபராதத்தின் மேல் வரி மத்திய சர்க்காருக்குப் பாதி, மாநில சர்க்காருக்குப் பாதி. இல்லாதவன் இல்லாமற் போனதில் இத்தனை பேருக்குப் பங்கு!

ஸ்டேட் பாங்க் சொல்லிக் கொடுத்த பாடம்

நாட்டின் மிகப் பெரிய பாங்கியான ஸ்டேட் பாங்க், 2012இல் கைவிட்டிருந்த இந்த அபராதத்தை 2017 ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்தது. பெருநகரத்தில் ரூ. 5,000, கிராமத்தில் ரூ. 1,000 இருக்க வேண்டும் என்றது. ஏன் என்று கேட்டபோது அதன் அன்றைய தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா சொன்ன காரணம் என்ன தெரியுமா? கோடிக்கணக்கான ஜன்தன் கணக்குகளைப் பராமரிக்கும் சுமை இருக்கிறது. அதைச் சமாளிக்கக் கட்டணம் வேண்டும் என்பது.

இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ஜன்தன் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைகளுக்கு இருப்புத் தொகை இல்லாத கணக்கு. நல்லது. அந்தச் செலவை யார் ஏற்க வேண்டும்? திட்டம் போட்ட சர்க்கார் ஏற்கலாம். கோடி கோடியாகக் கடன் வாங்கும் முதலாளியிடம் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம். அதை விட்டு, ஜன்தன் கணக்கு இல்லாத அடுத்த ஏழையின் தலையில் வைத்தார்கள்! பனைமரத்தில் தேள் கொட்டத் தென்னை மரத்தில் நெறி கட்டியது. ஏழைக்கு உதவ, அவனைவிட ஒரு முழம் உயரமான ஏழையை உரித்தார்கள்.

எவ்வளவு உரித்தார்கள்? 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில் ரூ. 1,771 கோடி. அந்த ஆண்டு ஜூலை-செப்டம்பர் காலாண்டில் ஸ்டேட் பாங்க் ஈட்டிய நிகர லாபமே ரூ. 1,581 கோடிதான்! வியாபாரத்தில் கிடைத்த காலாண்டு லாபத்தைவிட, வெறுங்கையர்களிடம் பிடுங்கியது பெரிய தொகையாக இருந்தது. நாடு கொதித்தது. அபராதத்தைக் குறைத்தார்கள். 2018 ஏப்ரலில் கிராமத்துக்கு அதிகபட்சம் மாதம் ரூ. 10, வரியோடு ரூ. 11.80 என்று ஆயிற்று.

குறைத்ததே என்று மகிழ வேண்டுமா? அப்போது சேமிப்புக்கு ஸ்டேட் பாங்க் கொடுத்த வட்டி மூன்றரை சதவிகிதம். ஆயிரம் ரூபாயை ஓர் ஆண்டு முழுவதும் போட்டு வைத்தால் கிடைப்பது ரூ. 35. மூன்று மாதம் இருப்புக் குறைந்தால் போவது ரூ. 35.40! ஆண்டு முழுவதும் பாங்கி உனக்குக் கொடுப்பதை, மூன்றே மாதத்தில் திருப்பி எடுத்துக்கொண்டு நாற்பது காசு மேலேயும் கேட்கிறது.

பிறகு 2020 மார்ச்சில் ஸ்டேட் பாங்க் இந்த அபராதத்தை அடியோடு எடுத்துவிட்டது. 44 கோடிக்கும் அதிகமான கணக்குகளுக்கு விடுதலை. அதனால் அந்தப் பாங்கி கவிழ்ந்து போயிற்றா? கணக்கைப் பார்ப்போம். அபராதம் அள்ளிய 2017-18இல் அதற்குக் கிடைத்தது ரூ. 2,434 கோடி அபராதப் பணம். ஆனாலும் அந்த ஆண்டு அது கண்டது ரூ. 6,547 கோடி நஷ்டம். அபராதமே இல்லாத 2024-25இல் அது கண்டது ரூ. 70,901 கோடி லாபம்! அன்றைய நஷ்டம் கூலிக்காரன் கணக்கில் ஐந்நூறு குறைந்ததால் வந்ததல்ல. பெரிய இடத்துக் கடன்கள் திரும்பி வராததால் வந்தது. ஏழையின் அபராதம் பாங்கியின் வயிற்றுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஏழையின் வயிற்றுக்கோ அது ஒரு வேளைச் சோறு. இந்த ஒரே கணக்கு போதும், 'அபராதம் இல்லாமல் பாங்கி நடத்த முடியாது' என்ற வாதத்தைக் குழி தோண்டிப் புதைக்க.

நம் ஊர்ப் பாங்கியே முதலிடம்!

ஸ்டேட் பாங்க் விட்டுவிட்டது, மற்றவர்கள் விடவில்லை. 2020-21 முதல் 2024-25 வரை ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறைப் பாங்கிகள் இந்த அபராதத்தால் ஈட்டியது சுமார் ரூ. 8,933 கோடி. 2025 ஜூலையில் பாராளுமன்றத்தில் சர்க்காரே கொடுத்த கணக்கு இது. இந்தப் பட்டியலில் முதலிடம் யாருக்கு? வடநாட்டுப் பாங்கி எதற்கோ அல்ல. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் பாங்க்குக்கு! ரூ. 1,828 கோடி.

மனம் வேதனைப்படத்தான் செய்கிறது. ஏனெனில் அந்தப் பாங்கியின் வரலாறு வேறு. 1906இல் ஆர்பத்நாட் என்ற வெள்ளையர் கம்பெனி திவாலாகி, நம்மவர்களின் சேமிப்பு மண்ணோடு மண்ணாகப் போனபோது, 'நமக்கென்று ஒரு பாங்கி வேண்டும்' என்று 1907இல் எழுந்தது இந்தியன் பாங்க். 1969 ஜூலை 19ஆம் நாள் நாட்டுடைமையான 14 பாங்கிகளில் அதுவும் ஒன்று. 1989இல் இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாக அமைக்கப்பட்டன. அந்தக் குழுக்களுக்குக் கடன் கொடுக்கக் கைகோத்த பாங்கி அதுதான். 2005இல் புதுச்சேரி மங்கலம் கிராமத்தில் வீட்டுக்கு வீடு கணக்குத் திறந்து நாட்டுக்கே வழிகாட்டியதும் அதுதான். தர்மபுரி மாவட்டத்தின் முன்னோடி வங்கியாகத் திகழ்வதும் அதுதான்.

கூரை வீட்டுப் பெண்ணைக் குழுவாகச் சேர்த்து, 'வா அம்மா, உட்கார் அம்மா' என்று பாங்கிக்குள் அழைத்து வந்த நிறுவனமே, உள்ளே வந்தவளின் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துக் குறைந்ததற்கு அபராதம் போட்டது என்றால், இதை என்னவென்று சொல்வது? குமாஸ்தாவைக் குறை கூறி என்ன பயன்? மேலிடத்து விதி அது. கணினி செய்யும் கழித்தல் அது. கேள்வி மேலிடத்தை நோக்கித்தான் எழ வேண்டும்.

கேள்வி எழுந்தது; பலனும் கிடைத்தது. 2025 ஜூனில் கனரா பாங்க், ஜூலையில் பஞ்சாப் நேஷனல் பாங்க், அதே ஜூலை 7 முதல் இந்தியன் பாங்க் என்று வரிசையாகச் சேமிப்புக் கணக்குகளுக்கான இந்த அபராதத்தை நீக்கின. நீக்கியதை வரவேற்கிறோம். ஆனால் ஐந்தாண்டில் எடுத்த ரூ. 8,933 கோடியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

தனியார் கதவில் தொங்கும் பலகை

பொதுத்துறை இறங்கி வந்த அதே நேரத்தில் தனியார் என்ன செய்தது? 2025 ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்க், நகரங்களில் புதிதாகக் கணக்குத் திறப்பவர்கள் ரூ. 50,000 சராசரி இருப்பு வைக்க வேண்டும் என்றது! சிற்றூர் நகரங்களுக்கு ரூ. 25,000, கிராமத்துக்கு ரூ. 10,000. கூக்குரல் எழுந்த பிறகு சில நாளிலேயே ரூ. 15,000, ரூ. 7,500, ரூ. 2,500 என்று இறக்கியது. ரிசர்வ் பாங்க் கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ராவிடம் கேட்டார்கள். இருப்புத் தொகையை நிர்ணயிப்பது அந்தந்தப் பாங்கியின் விருப்பம், அது எங்கள் கட்டுப்பாட்டு எல்லைக்குள் வராது என்றார்.

ஆக, இன்று நீங்கியது நாளை வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஸ்டேட் பாங்க் 2012இல் விட்டதை 2017இல் எடுத்தது. 2020இல் மறுபடி விட்டது. பாங்கி மனம் வைத்தால் விடும், மனம் மாறினால் பிடிக்கும். மனத்தை நம்பியா ஏழையின் காசு இருக்க வேண்டும்? சட்டத்தை நம்பி இருக்க வேண்டாமா?

தவணை திரும்பினால் தண்டனை இரண்டு

குறைந்தபட்ச இருப்பு ஒரு வாசல். பணமில்லாதவனிடம் பணம் எடுக்க வேறு வாசல்களும் உண்டு.

இளைஞன் ஒருவன் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். மாதா மாதம் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். சம்பளம் 7ஆம் தேதி வருகிறது. தவணை 5ஆம் தேதி. அன்று கணக்கில் பணம் இல்லை, தவணை திரும்புகிறது. திரும்பியதற்கு அவன் பாங்கி ரூ. 250 எடுக்கிறது என்று கொள்வோம். சில பாங்கிகளில் இன்னும் கூடுதல். வரியோடு ரூ. 295. அதோடு கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு ஓர் அபராதம். அதே மாதத்தில் கம்பெனி மறுபடியும் தவணையைப் போட்டு, மறுபடியும் திரும்பினால், மறுபடியும் ரூ. 295! 2025-26இல் 100 நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாட்கூலி ரூ. 336. இரண்டு நாள் பிந்தியதற்கு ஏறத்தாழ ஒரு நாள் வேர்வை! தவணை திரும்பியதால் பாங்கிக்கு ஆன செலவு என்ன? ஒரு கணினி இன்னொரு கணினிக்கு 'இல்லை' என்று சொன்னது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்த விலை.

ஏ.டி.எம்.மில் பணம் இருக்கிறதா என்று தெரியாமல் எடுக்கப் போய், இல்லை என்று இயந்திரம் சொன்னால் அதற்கும் ஸ்டேட் பாங்க் உள்ளிட்ட பாங்கிகள் கட்டணம் வைத்தன. இல்லை என்று சொல்லவும் காசு!

ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குக்காரர்களாவது தப்பினார்களா என்றால், அதுவும் இல்லை. மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்தாலோ அனுப்பினாலோ ஒவ்வொரு முறைக்கும் ரூ. 17.70 என்று ஸ்டேட் பாங்க் எடுத்து வந்தது. 2015 முதல் 2020 வரை இப்படி ரூ. 300 கோடிக்கு மேல் சேர்ந்தது என்று பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் ஆராய்ந்து எழுதினார். மின்னணுப் பரிமாற்றத்துக்கு வாங்கிய கட்டணத்தை 2020 ஜனவரி 1 முதற்கொண்டு திருப்பிக் கொடுக்கும்படி 2020 ஆகஸ்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் சொல்ல வேண்டி வந்தது. 'ரொக்கம் வேண்டாம், கைப்பேசியில் அனுப்பு' என்று ஒரு கை அழைத்தது. அனுப்பியதற்கு அபராதம் என்று மறு கை பிடுங்கியது.

கடல் கடந்த நாடுகளில்

இது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல. அமெரிக்காவில் இதற்கு 'ஓவர்டிராப்ட்' கட்டணம் என்று பெயர். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் பாங்கி கொடுத்து விடும். பிறகு அந்த உபகாரத்துக்காக 35 டாலர் என்று தீட்டிவிடும். ஐந்து டாலர் குறைந்தாலும் 35. ஐம்பது குறைந்தாலும் 35! 2024 டிசம்பரில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, பெரிய பாங்கிகள் 5 டாலருக்கு மேல் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. அமலுக்கு வருமுன்பே பாராளுமன்றம் அதை ரத்துச் செய்ய, 2025 மே மாதத்தில் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்டார். பாங்கி முதலாளிகளின் கை அங்கேயும் நீளம்.

இங்கிலாந்திலோ வேறு காட்சி. 2020 ஏப்ரலில் அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு, ஓவர்டிராப்டுக்கு நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்ற நிலைக் கட்டணங்களை ஒழித்தது. வட்டி மட்டும் வாங்கிக்கொள், அதையும் வெளிப்படையாகச் சொல் என்றது. பாங்கிகள் வட்டி விகிதத்தை ஏற்றின என்பது உண்மை. ஆனால் ஐந்து பவுன் குறைந்தவனும் ஐந்நூறு பவுன் குறைந்தவனும் ஒரே தண்டம் கட்டும் அநீதி ஒழிந்தது. செய்ய முடியும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. செய்ததையும் குலைக்க முடியும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. வித்தியாசம் மக்களின் விழிப்பில் இருக்கிறது.

'செலவு ஆகிறதே!' என்பாரும் உளர்

கணக்கு வைத்துக்கொள்ளச் செலவாகிறது, கிளை நடத்தச் செலவாகிறது, ஏ.டி.எம்.முக்குச் செலவாகிறது, இலவசமாகச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. செலவு உண்டு, மறுக்கவில்லை.

ஆனால், செலவுக்குக் கட்டணம் என்றால் எல்லோரிடமும் அல்லவா வாங்க வேண்டும்? லட்ச ரூபாய் வைத்திருப்பவன் கணக்குக்கும் அதே செலவுதானே? அவனிடம் வாங்குவதில்லை. ஏன்? அவன் பணத்தைச் சேமிப்பு வட்டிக்கு வாங்கி, அதைப் போல் பல மடங்கு வட்டிக்குக் கடன் கொடுத்து லாபம் பார்க்கிறோம் என்பார்கள். சரி, ஏழைகளின் ஐந்நூறும் முந்நூறும் கோடிக்கணக்கான கணக்குகளில் சேர்ந்தால் அது என்ன சிறு தொகையா? அந்தச் சிறு துளிகளையும் சேர்த்துத்தானே பெரு வெள்ளமாக்கிப் பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கிறார்கள்? 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் பாங்கிகள் தங்கள் புத்தகங்களிலிருந்து எழுதி நீக்கிய வராக்கடன் ரூ. 16.35 லட்சம் கோடி என்று 2025 மார்ச்சில் பாராளுமன்றத்தில் சொல்லப்பட்டது. எழுதி நீக்கியது தள்ளுபடி அல்ல, வசூல் முயற்சி தொடரும் என்கிறார்கள். தொடரட்டும். பெரிய கடன்காரனுக்கு முயற்சி, வழக்கு, வாய்தா. சின்னக் கணக்குக்காரனுக்கு மட்டும் வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை. நள்ளிரவில் கணினி தானே கழித்துக்கொள்கிறது. இதுதான் நாம் கேட்கும் கேள்வி. பதில் உண்டா?

தோழர்கள் செய்ய வேண்டியது

கோபப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் சில கருவிகள் உண்டு. கிளைக்குக் கிளை, தெருவுக்குத் தெரு இவற்றை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்று: எந்தப் பாங்கியிலும் 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' கேட்கலாம். 2012 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்க் பிறப்பித்த உத்தரவு அது. குறைந்தபட்ச இருப்பே கிடையாது. இருக்கும் சாதாரணக் கணக்கையும் அப்படி மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். ஒரே பாங்கியில் இதோடு இன்னொரு சேமிப்புக் கணக்கு வைக்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டு: இருப்பு குறைந்தால், அதைத் தெரிவித்து, சரி செய்யக் குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுத்த பிறகே அபராதம் போடலாம் என்பது 2014 சுற்றறிக்கை. இந்த அபராதத்தாலேயே கணக்கு சுழிக்குக் கீழே, கழித்தல் குறியோடு போகக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பாஸ் புத்தகத்தை அச்சடித்துப் பாருங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்திருந்தால் கேளுங்கள்.

மூன்று: ஓசூரிலும் பெங்களூரிலும் கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு, வேலையை விட்ட பின் சும்மா கிடக்கிறதா? சில மாதம் சம்பளம் வராவிட்டால் பல பாங்கிகள் அதைச் சாதாரணக் கணக்காக மாற்றி விடுகின்றன. பிறகு இருப்புத் தொகைச் சட்டம் பாயும். தேவையில்லாத கணக்கை முடித்துவிடுங்கள்.

நான்கு: தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்குப் பின்னால் வைக்கச் சொல்லிக் கடன் வாங்கும்போதே கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பது கடினம்.

ஐந்து: முதலில் பாங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இவை தற்காப்பு. தற்காப்போடு நிற்கலாமா? கூடாது. கோரிக்கை வேண்டும். சேமிப்புக் கணக்கில் பணம் இல்லாததற்காக எந்தப் பாங்கியும், பொதுத்துறையோ தனியாரோ, அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்க் உத்தரவிட வேண்டும். தவணை திரும்புவதற்கான கட்டணம், உண்மையில் ஆகும் செலவுக்கு மேல் போகக் கூடாது. ஒரு தவணைக்கு ஒரு முறைதான் என்று வரம்பு கட்ட வேண்டும். இந்த அபராதங்களின் மேல் ஜி.எஸ்.டி. கூடாது, அந்தக் கவுன்சிலில் மாநிலங்களுக்கும் குரல் உண்டு, எழுப்ப வேண்டும். சர்க்கார் உதவித் தொகை எதுவானாலும் அதிலிருந்து ஒரு காசும் பாங்கி தன் பாக்கிக்கு எடுக்க முடியாதபடி சட்டமே காவல் நிற்க வேண்டும்.

ஜன்தன் கணக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை ஓவர்டிராப்ட் கொடுக்கலாம் என்று 2018இல் மத்திய சர்க்கார் அறிவித்தது. அதாவது, கணக்கில் பணம் இல்லாதபோது பாங்கி கைகொடுக்க வேண்டும் என்பது சர்க்காரே ஒப்புக்கொண்ட கொள்கை! அந்தக் கொள்கைக்கும் அபராதத்துக்கும் எப்படிப் பொருத்தம்? இல்லாதவனுக்குக் கொடு என்று ஏட்டில் ஒரு வரி. இல்லாதவனிடம் எடு என்று இயந்திரத்தில் ஒரு வரி. எந்த வரி நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்.

தோழர்களே! நாட்டுடைமையான பாங்கிகள் உங்கள் உடைமை. அவற்றின் வாசலுக்குக் கூனிக் குறுகிப் போக வேண்டாம். இந்த வாரமே பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டு அம்மாவையும் அழைத்துப் போங்கள். ஒவ்வொரு கழித்தலுக்கும் காரணம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் குமாஸ்தா பதில் சொல்லுவார். ஊரே கேட்டால் ரிசர்வ் பாங்க் பதில் சொல்லியாக வேண்டும்.